கோட்டா வந்தால் நட்டம் யாருக்கு? ஏற்றுமதி ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து

கேள்வி: திருப்பூரில் பருத்திப் பின்னலாடைகளைத் தைத்து ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஐரோப்பாவிலிருந்து ஒரு புதிய பையர் (வாங்குபவர்) இரண்டு ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார். விலை எஃப்.ஓ.பி. தூத்துக்குடி அடிப்படையில், அதாவது தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றும் வரையே விற்பவர் பொறுப்பு என்ற முறையில், பேசப்பட்டுள்ளது. ஆனால், இறக்குமதி செய்யும் நாடு அளவுக் கட்டுப்பாடு (கோட்டா) எதையேனும் விதித்தால் அதனால் வரும் எல்லா இழப்பையும் விற்பவரே ஏற்க வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறது. கோட்டா எல்லாம் 2005-லேயே போய்விட்டது, பயப்படாமல் கையெழுத்துப் போடு என்கிறார் அப்பா. போடலாமா?

பதில்: இந்த ஷரத்தை இப்போதுள்ள வடிவில் ஏற்றுக் கையெழுத்திட வேண்டாம். உங்கள் தந்தையார் சொல்வது பாதி சரி. அவர் தொழில் செய்த காலத்தின் கோட்டா முறை 2004 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஆனால் அந்த முறை முடிந்தது என்பதாலேயே, இனி எந்த நாடும் ஆடை இறக்குமதிக்கு அளவு நிர்ணயிக்க முடியாது என்று ஆகிவிடாது. கோட்டா திரும்பி வருமா என்ற கேள்வியைவிட, வந்தால் உங்கள் சரக்கை எந்த இடத்தில், எந்தத் தேதியை வைத்துக் கணக்கில் எடுப்பார்கள் என்ற கேள்விதான் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கும். உங்களுக்கு வந்திருக்கும் ஷரத்து அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பழைய முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1961-இல் பருத்தித் துணிகளுக்கென ஒரு குறுகிய கால ஏற்பாடாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே நீண்ட கால ஏற்பாடாக மாறி, 1974-இல் கம்பளியையும் செயற்கை இழைகளையும் சேர்த்துக்கொண்டு எம்.எஃப்.ஏ. எனப்பட்ட பல்லிழை ஒப்பந்தமாக விரிந்த அந்த முறையை, 1995-இல் உலக வர்த்தக அமைப்பு உருவானபோது பத்து ஆண்டுகளில் படிப்படியாகக் கலைப்பது என்று முடிவாயிற்று. இறக்குமதி நாடுகள் தங்களுக்கு உறுத்தும் வகைகளைக் கடைசிவரை பிடித்து வைத்துக்கொண்டதால், 1990-ஆம் ஆண்டின் இறக்குமதி அளவில் 49 விழுக்காட்டுக்கு ஈடான வகைகள் இறுதி நாளில்தான் விடுவிக்கப்பட்டன. அதுவரை அமெரிக்காவும் ஐரோப்பாவும் இந்தியாவுக்கென ஆண்டுதோறும் வகைவாரியாக ஓர் அளவை ஒதுக்கின. அதை இங்கே ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் ஏற்றுமதியாளர்களுக்குப் பகிர்ந்தளித்தது. பெரும்பகுதி, முந்தைய ஆண்டுகளில் யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கை வைத்தே தரப்பட்டது. போதிய ஒதுக்கீடு கிடைக்காதவர்கள், கையில் கோட்டா வைத்திருந்தவர்களிடம் விலை கொடுத்து வாங்கினார்கள். ஒரு டி-சர்ட்டின் அடக்க விலையில் நூல், சாயம், தையல் கூலி ஆகியவற்றோடு கோட்டாவும் ஓர் இனமாக எழுதப்பட்டது.

அந்த முறை சிறு உற்பத்தியாளர்களுக்கு அநீதியானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் அதில் ஒரு தெளிவு இருந்தது. அளவுக் கணக்கு பெரும்பாலும் ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே நடந்தது. கோட்டா இல்லாத சரக்கு பெட்டியில் ஏறவே இல்லை. ஆகையால் ஆர்டர் வாங்கும்போதே, இதற்கு என்னிடம் கோட்டா இருக்கிறதா என்று ஏற்றுமதியாளர் பார்த்துக்கொள்ள முடிந்தது. உங்கள் தந்தையாரின் நினைவில் இருப்பது இந்த வகைக் கோட்டாதான்.

2005-இல் ஐரோப்பாவில் நடந்தது வேறு. உங்கள் ஷரத்தைப் புரிந்துகொள்ள அந்த நிகழ்வைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, அதன் துணி, ஆடை ஏற்றுமதி பிற நாடுகளின் சந்தையைக் குலைத்தால் 2008 இறுதிவரை தனிக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருந்தது. 2005 ஜனவரியில் பழைய கோட்டாக்கள் விலகியவுடன் சீன ஆடைகள் ஐரோப்பாவில் பெருகின. அந்த ஆண்டு ஜூன் 10 அன்று ஷாங்காயில் ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, டி-சர்ட், ஸ்வெட்டர், கால்சட்டை, பிளவுஸ், உள்ளாடை, படுக்கை விரிப்பு உள்ளிட்ட பத்து வகைகளுக்கு 2007 இறுதிவரை அளவு நிர்ணயித்தன. உடன்பாடு எட்டிய நாளுக்கும் புதிய உரிம முறை நடைமுறைக்கு வந்த நாளுக்கும் இடையே சுமார் ஒரு மாத இடைவெளி இருந்தது. கடைக்காரர்களோ பல மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுத்து முடித்திருந்தார்கள். அந்த இடைவெளியில் சீனத் துறைமுகங்களில் சரக்கு விரைவாக ஏற்றப்பட்டது. சில வகைகளுக்கான அளவு கப்பல்கள் கரை சேரும் முன்பே நிரம்பிவிட்டது.

விளைவாக, சுமார் 8 கோடி ஆடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களிலும் சுங்கக் கிடங்குகளிலும் தேங்கி நின்றன. செப்டம்பர் 5 அன்று பெய்ஜிங்கில் ஐரோப்பிய வர்த்தக ஆணையர் பீட்டர் மாண்டல்சனும் சீன வர்த்தக அமைச்சர் போ ஷிலாயும் மீண்டும் அமர்ந்து பேசிய பிறகே அவை விடுவிக்கப்பட்டன. தேங்கியதில் பாதியை ஐரோப்பா தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. மறுபாதி சீனாவின் கணக்கில், அடுத்த ஆண்டின் அளவிலிருந்தும் பிற வகைகளிலிருந்தும் கழிக்கப்பட்டது. இந்தியச் சரக்குக்கு அப்போது எந்தத் தடையும் இல்லை. ஆனால் பையர்கள் அதிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள்: அளவுக் கணக்கு இறக்குமதி நாட்டில் நடந்தால், காசு கொடுத்த சரக்குகூடக் கைக்கு வராமல் நிற்கும். உங்களுக்கு வந்திருப்பதைப் போன்ற ஷரத்துகளுக்குப் பின்னால் இருப்பது அந்த அச்சம்தான். அச்சம் நியாயமானது; அதன் சுமையை முழுவதும் உங்கள் தலையில் ஏற்றுவதுதான் நியாயமற்றது.

இனி, இன்று இந்தியப் பின்னலாடைக்கு எதிராக ஐரோப்பா அளவு நிர்ணயிக்க முடியுமா என்பதைப் பார்ப்போம். காட் (GATT) எனப்படும் சர்வதேச வர்த்தக விதிகளின் 11-ஆவது பிரிவு இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளைப் பொதுவாகத் தடை செய்கிறது. இறக்குமதி திடீரெனப் பெருகி உள்நாட்டுத் தொழிலுக்குக் கடும் பாதிப்பு ஏற்படுகிறது என்று விசாரணை நடத்தி நிறுவினால் மட்டும், பாதுகாப்பு நடவடிக்கையாக வரியோ கோட்டாவோ விதிக்கலாம். அப்போதும், வலுவான காரணம் காட்டப்பட்டாலன்றி, கோட்டாவின் அளவு கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி இறக்குமதிக்குக் கீழே போகக் கூடாது. முதலில் நான்கு ஆண்டுகள், நீட்டித்தாலும் மொத்தம் எட்டு ஆண்டுகள்தான். இறக்குமதியில் 3 விழுக்காட்டுக்கு மேற்படாத பங்குடைய வளரும் நாடுகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், ஆடையில் இந்தியாவைப் போன்ற பெரிய ஏற்றுமதி நாடு அதை நம்பியிருக்க முடியாது. ஆக, வாய்ப்பு குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

விதிக்குப் புறம்பாக ஒரு நாடு கோட்டா விதித்தால் இந்திய அரசு வழக்காடி வென்றுவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். வென்றிருக்கிறது. அமெரிக்கா கம்பளிச் சட்டை, பிளவுஸ் இறக்குமதிக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்த வழக்கில் 1997-இலும், துருக்கி 19 வகை இந்தியத் துணி, ஆடைகளுக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்த வழக்கில் 1999-இலும் தீர்ப்பு இந்தியாவின் பக்கமே வந்தது. ஆனால் துருக்கியின் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது 1996 ஜனவரியில். மேலும், உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பு கட்டுப்பாட்டை இனி நீக்கச் சொல்லுமே தவிர, இடைப்பட்ட காலத்தில் தனி ஏற்றுமதியாளருக்கு ஏற்பட்ட நட்டத்தை ஈடு செய்யாது. வங்கிக் கடனில் நூல் வாங்கும் ஒருவருக்கு மூன்று ஆண்டு கழித்து வரும் வெற்றியால் பயன் இல்லை.

உங்களுக்கு உடனடியாக உதவக்கூடிய விதி ஒன்று உண்டு. அதைப் பலரும் அறிவதில்லை. அதே வர்த்தக விதிகளின் 13-ஆவது பிரிவின்படி, கோட்டா பற்றிய பொது அறிவிப்பு வெளியாகும்போது வழியில் இருக்கும் சரக்கை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது. அதை அந்தக் காலத்திற்கான அளவில் கழித்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் அடுத்த காலத்தின் அளவிலும் கழிக்கலாம். ஆகவே கப்பலில் ஏறிவிட்ட சரக்குக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. பாதுகாப்பு இல்லாதது, உங்கள் தைக்கும் கூடத்தில் பாதி தைத்துக் கிடப்பதும், சாயப்பட்டறையில் அந்த பையரின் நிறத்தில் சாயமேறிக்கொண்டிருக்கும் துணியும், அவருடைய ஆர்டருக்கென்றே வாங்கிய நூலும்தான். அச்சுப் பதித்து அவருடைய லேபிள் தைத்த ஆடையை வேறு ஒருவருக்கு விற்பது எவ்வளவு கடினம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எஃப்.ஓ.பி. என்ற சொல்லுக்கும் இந்த ஷரத்துக்கும் உள்ள முரண்பாட்டை பையருக்கு எடுத்துச் சொல்லுங்கள். எஃப்.ஓ.பி. விற்பனையில் சரக்கு தூத்துக்குடியில் கப்பலில் ஏறியதும் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. இறக்குமதி உரிமம் பெறுவதும் அங்குள்ள சுங்க நடைமுறைகளை முடிப்பதும் அவருடைய கடமை. சுங்க வரி உட்பட எல்லாவற்றையும் விற்பவரே ஏற்கும் டி.டி.பி. விலைக்குத்தான் இத்தகைய ஷரத்து ஓரளவு பொருந்தும். அந்த விலை இதைவிட அதிகமாக இருக்கும். எஃப்.ஓ.பி. விலையைக் கொடுத்துவிட்டு டி.டி.பி. பொறுப்பைக் கேட்கிறார் என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

மாற்று வரிகளாக நான் பரிந்துரைப்பது இது. கப்பல் ரசீதில் உள்ள தேதியில், அதாவது பில் ஆஃப் லேடிங் தேதியில், கட்டுப்பாடு அறிவிக்கப்படாமல் இருந்தால் அதன்பின் வரும் எந்த அளவுக் கட்டுப்பாட்டின் விளைவும் வாங்குபவரைச் சேரும் என்று எழுதச் சொல்லுங்கள். அறிவிப்பு அதற்கு முன்பே வந்துவிட்டால், இரு தரப்பும் மேற்கொண்டு ஆர்டர்களை நிறுத்தலாம். ஆனால் உறுதி செய்யப்பட்ட ஆர்டருக்காக அதுவரை வாங்கிய நூல், துணி, உதிரிப் பொருள்கள், முடிந்த வேலை ஆகியவற்றின் அடக்க விலையை வாங்குபவர் தர வேண்டும் என்று சேருங்கள். முழுவதையும் ஏற்க மறுத்தால் பாதிக்குப் பாதி என்பதற்கு இறங்கி வரலாம். 2005-இல் இரண்டு அரசுகளே அப்படித்தான் பிரித்துக்கொண்டன. அறிவிப்பு என்பது எந்த அரசிதழில் எந்த நாளில் வெளியாவது என்பதையும் குறிப்பிட வேண்டும். செய்தித்தாளில் வரும் ஊகங்களைக் காரணம் காட்டி ஆர்டரை நிறுத்த இடம் தரக் கூடாது.

ஒப்பந்தத்தின் இணைப்பில் ஒவ்வோர் ஆடைக்கும் சுங்க வகைப்பாட்டு எண்ணையும் இழை விகிதத்தையும் எழுதிவிடுங்கள். பருத்தி டி-சர்ட் 6109.10 என்ற எண்ணில் வரும்; பாலியஸ்டர் எடையில் மிகுந்த கலப்பு நூலுக்கு பையர் பாதியில் மாறச் சொன்னால் அது 6109.90-க்குப் போய்விடும். பாதுகாப்பு நடவடிக்கைகள் பொருள்வாரியாகவே வருகின்றன என்பதால், அவர் கேட்ட மாற்றத்தால் ஆடை கட்டுப்பாட்டுக்குள் விழுந்தால் அது அவருடைய பொறுப்பு என்று ஒரு வரி இருப்பது நல்லது.

வரி உயர்வை இதே ஷரத்தில் கலக்க விடாதீர்கள். கோட்டாவில் அளவு நிரம்பியபின் சரக்கு நின்றுவிடும். வரியில் சரக்கு போகும், விலைதான் ஏறும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, பையர்கள் தள்ளுபடி கேட்டு நெருக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அளவுக் கட்டுப்பாடு உள்ளிட்ட எல்லா அரசு நடவடிக்கைகளும் என்ற பொதுச் சொல் எங்காவது ஒளிந்திருந்தால் நாளை வரிச் சுமையும் அதன் வழியாக உங்களிடம் வரும்; அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்து நீக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்திடும் முன், ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் காப்பீடு தரும் இ.சி.ஜி.சி. நிறுவனத்தின் கிளையில் உங்கள் பாலிசியைக் காட்டிப் பேசுங்கள். பையரின் நாட்டில் புதிதாக வரும் இறக்குமதிக் கட்டுப்பாடும் செல்லத்தக்க உரிமம் ரத்தாவதும் அரசியல் இடர்களில் அடங்கும். சாதாரண ஷிப்மென்ட் பாலிசியில் காப்பு சரக்கு ஏற்றிய நாளிலிருந்தே தொடங்கும் என்பதால், அதற்கு முந்தைய இடரை ஒப்பந்த வரிகள்தான் தாங்க வேண்டும். உங்கள் ஷரத்து உள்ளபடியே நின்றால், நட்டத்தை நீங்களாகவே ஏற்றுக்கொண்டீர்கள் என்று இழப்பீட்டுக் கோரிக்கையின்போது கேள்வி எழக்கூடும். அதை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பையர் இணங்கவில்லை என்றால், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை விட்டுவிட்டு ஆர்டருக்கு ஆர்டர் தனித்தனியாக உறுதி செய்யும் முறையைக் கேளுங்கள். அப்படிச் செய்தால், அந்த ஷரத்து இருந்தாலும், எந்த நேரத்திலும் ஒரே ஒரு ஆர்டருக்கான நூல்தான் உங்கள் கையில் சிக்கியிருக்கும்.