வெளிமூச்சைப் பாருங்கள்: கேள்வி பதில்

வவுனியாவில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் நெடுங்காலம் பணியாற்றிய தாதி நான். செயற்கைச் சுவாச இயந்திரம் பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கிளிநொச்சி, புதிய தாதி: அக்கா, இயந்திரத்தில் இருப்பவரின் மூச்சுக்குழாய் ஒடுங்கி அடைபடுவதை எப்படி அறிவது? அலாரம் அடிக்கும்வரை எனக்குத் தெரிவதில்லை.

தங்கச்சி, அலாரம் பிந்தித்தான் வரும். திரையில் காற்றோட்டக் கோட்டைப் பாருங்கள். உள்மூச்சில் அது பூச்சியத்துக்கு மேலே எழும், வெளிமூச்சில் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். இறங்கியது பூச்சியத்துக்குத் திரும்பிய பிறகே அடுத்த மூச்சு தொடங்க வேண்டும். திரும்புமுன்பே தொடங்கினால் உள்ளே காற்றுத் தேங்குகிறது. மாரியில் இரணைமடுவுக்கு வரும் வெள்ளத்துக்குத் தக்கபடி வான்கதவைத் திறக்காவிட்டால் குளம் என்னவாகும்? அதுதான் நெஞ்சுக்குள்ளும் நடக்கிறது.

குழாயின் சுவர் தளர்ந்து ஒட்டிக்கொண்டால் கோட்டின் வடிவமே மாறும். ஊசிபோலக் கீழே பாய்ந்து, சட்டென முறிந்து, பிறகு இழுபட்டுக்கொண்டே போகும். காதையும் பயன்படுத்துங்கள்: இழுப்புச் சத்தம் ஓயுமுன் அடுத்த மூச்சு ஏறுகிறதா? ஒட்சிசன் அளவு 97 என்று காட்டுவதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

மாங்குளம்: தேங்கிய காற்றை அளக்க முடியுமா?

முடியும். வெளிமூச்சின் முடிவில் இயந்திரத்தைச் சில விநாடிகள் நிறுத்திப் பிடிக்கும் பொத்தான் இருக்கிறது. வெளிமூச்சு முடிவுக்கென நாம் வைத்த அழுத்தம் 5, திரை காட்டுவது 12 என்றால், தேங்கியதால் வந்தது 7. நோயாளி அந்த நேரம் தானாக மூச்செடுக்கக் கூடாது. முற்றாக மூடிய குழாய்களுக்குப் பின்னால் இருக்கும் அழுத்தம் இதில் தெரியாது. ஆகவே சிறிய எண்ணைக் கண்டு ஆறுதல் அடைய வேண்டாம்.

முல்லைத்தீவு: நெடுநாள் முட்டு வருத்தம் உள்ள என் அப்பாவுக்கு மூச்சு எண்ணிக்கையை 20இலிருந்து 12ஆகக் குறைத்துவிட்டார்கள். காற்றைக் குறைப்பது சரியா?

தம்பி, கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 20 என்றால் ஒரு மூச்சுக்கு 3 விநாடி. உள்மூச்சுக்கு 1 போனால் வெளிவர 2தான் மிச்சம். 12 என்றால் 4 மிச்சம். கரியமிலவாயு சற்று ஏறலாம், அதைத் தெரிந்தேதான் வைத்தியர்கள் விடுவார்கள். அப்பாவின் நிலைமையை அவர்களிடமே கேளுங்கள்.

மல்லாவி, பயிற்சி வைத்தியர்: வெளிமூச்சு முடிவுக்கென இயந்திரத்தில் வைக்கும் அழுத்தத்தைக் கூட்டினால் குழாய் திறந்திருக்குமா?

தளர்ந்த குழாய்க்கு அது உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும். ஆனால் படிப்படியாகக் கூட்டுங்கள், டொக்டர். உள்மூச்சு முடிவில் நெஞ்சின் அழுத்தமும் கூடவே ஏறினால் கூட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

வவுனியா: திடீரென இரத்த அழுத்தம் விழுந்தால்?

ஓர் இரவு அப்படித்தான் ஒருவருக்கு 60க்கு இறங்கியது. மருந்தை ஏற்ற ஓடிய எங்களை மூத்த வைத்தியர் மறித்து, நோயாளிக்குப் போட்டிருந்த சுவாசக் குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றினார். 'உஸ்' என்று, தேங்கியிருந்த காற்று நெடுநேரம் வந்தது. நெஞ்சு கண்முன்னே தாழ்ந்தது, இரத்த அழுத்தம் ஏறியது. கழற்றியும் ஏறாவிட்டால் நுரையீரல் வெடித்து நெஞ்சறையில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.