99 சதவீதம் தூய்மையா, எதில் 99?

கே: முனைவர் பட்ட ஆய்வுக்காக, ஒவ்வாமைக்கு எதிரான டிரானிலாஸ்ட் 10 மில்லிகிராம் ஆன்லைனில் வாங்கினேன். குப்பி காலியாக வந்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: அநேகமாக இல்லை. 10 மில்லிகிராம் என்பது சுமார் அரை அரிசியின் எடை, அதுவும் வழியில் குலுங்கி மூடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். திறக்காமல், பொடியை அடியில் இறக்கும் சுழற்சிக் கருவியான சென்ட்ரிஃபியூஜில் ஒரு நிமிடம் சுற்றுங்கள், அப்புறம் கறுப்புத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், கரையாது. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைக் குப்பிக்குள்ளேயே விட்டுக் கரையுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றுமில்லை என்றால் எழுதுங்கள், விற்றவரோடு நானும் சண்டைக்கு வருகிறேன்.

கே: சோடியம் குரோமோகிளைகேட் என்ற ஆஸ்துமா மருந்து, ஆய்வுக்கு இரண்டு இடத்தில் கிடைக்கிறது. ஒன்று பாதி விலை. இரண்டிலும் 99% தூய்மை என்றுதான் போட்டிருக்கிறது. எதை வாங்கலாம்?

ப: இந்த 99-ஐப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதில் 99? பெரும்பாலும் ஹெச்பிஎல்சி கணக்கு அது, கலவையைப் பிரித்து அளக்கும் கருவி. புற ஊதா ஒளியை உறிஞ்சும் பொருள்களுக்குள் இது எத்தனை பங்கு என்றுதான் அந்தக் கருவி சொல்லும், தண்ணீரும் உப்பும் அதன் கண்ணில் படவே படாது. குரோமோகிளைகேட்டோ ஈரத்தைக் குடிக்கும் ஜாதி. பத்தில் ஒரு பங்கு தண்ணீராக இருந்தாலும் சீட்டில் 99 என்றே அச்சடிக்கலாம், பொய்யும் ஆகாது. ஆய்வகத்துக்குப் பொருள் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், மலிவு என்று இதையே 25 கிராம் வாங்கி அலமாரியில் வைத்தவன் நான். சென்னையின் ஐப்பசி மழை முடிந்து திறந்தால் கல்கண்டு மாதிரி கட்டி. அதைத் தட்டி எடை போட்டு மூன்று மாதம் சோதனை செய்தோம், எல்லாச் செறிவும் தப்பு. அதனால் உங்களுக்கு வரும் பேட்சின் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின்) எண்ணுக்கான பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் நீர் அளவு தனியாக இருக்க வேண்டும், எண் குப்பியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். ‘மாதிரிச் சான்றிதழ்’ அனுப்புகிறவரிடம் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கே: மைனஸ் 20-இல் வைக்கச் சொன்ன குப்பியை எட்டு மாதம் மேசை டிராயரில் வைத்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: கிடைக்காது. சீட்டைப் படிக்க எட்டு மாதமா?

கே: குரோமோகிளைகேட்டைக் கண்டுபிடித்தவர் தன் மேலேயே சோதித்தாராமே. எனக்கும் ஆஸ்துமா. கீட்டோடிஃபென் என்ற ஒவ்வாமை மருந்து ஆய்வகப் பொடியாக மலிவாகக் கிடைக்கிறது, சாப்பிட்டுப் பார்க்கலாமா?

ப: கூடாது. ரோஜர் ஆல்டூன்யன் ஒரு டாக்டர், ஆஸ்துமாக்காரர். கினிப் பன்றி முடியின் சாற்றை மூச்சில் இழுத்து, தனக்குத் தானே இழுப்பை வரவழைத்து, நுரையீரலை அளந்து பார்த்தவர். உங்களிடம் இருப்பது தள்ளுபடி கூப்பன். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற பொடியை மனிதர் விழுங்கலாமா என்று எவரும் சோதித்திருக்க மாட்டார்கள். கீட்டோடிஃபென் மாத்திரையாகவே இருக்கிறது, டாக்டர் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போங்கள்.

கே: என் மகனுக்கு வீசிங். ‘மூலிகை, ஆஸ்துமா அடியோடு போகும்’ என்றார்கள். 3,000 ரூபாய்க்குப் பொடி வாங்கினேன். ஒரே வாரத்தில் நன்றாகிவிட்டான். இப்போது முகம் உப்பியிருக்கிறது, ஒருநாள் விட்டால் மறுபடி இழுக்கிறது. நான் செய்தது தப்பா?

ப: தப்பு உங்களுடையது இல்லை அம்மா, மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு யார்தான் யோசிப்பார்கள். ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். அப்படி இருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, ஆகவே பொடியோடு பையனை இன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மூச்சு வாங்கினால் நேரே மருத்துவமனைதான். ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது மருந்து விதிகளின் ஜே அட்டவணை. பிரிக்காத பாக்கெட், பில், விளம்பரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. பில் தரவில்லை என்றால் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள்.