வேனுக்குச் சோலார் ஏசி: காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (தேவகோட்டை): அண்ணே, வேன் கூரையில் பேனல் போட்டு ராத்திரி முழுக்க ஏசி ஓட்ட முடியுமா?

முடியும் தம்பி, 0.8 டன் இன்வெர்ட்டர் ஏசியாக இருந்தால். 26 டிகிரியில் வைத்து, உள்ளே ஒருமுறை குளிர்ந்தபின் சராசரி 400 வாட் என்று கணக்குப் போடுங்கள். 8 மணி நேரத்துக்கு 3.2 யூனிட், பேட்டரி மின்சாரத்தை ஏசிக்கு ஏற்றபடி மாற்றும் தனி இன்வெர்ட்டரில் வீணாவதோடு 3.6. 24 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி சுமார் 5 யூனிட் பிடிக்கும். அதை நிரப்ப 400 வாட் பேனல் மூன்று. நல்ல வெயில் நாளில் 4 யூனிட் சொச்சம் வரும். ஆகவே பகலிலும் ஏசி என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மூடாக்கில் ராத்திரிக்கே போதாது.

12 வோல்ட் பேட்டரி வேண்டாம். 1000 வாட் இழுத்தால் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும், வயர் சுடும். 24-இல் அது பாதி. வயர் 35 சதுர மில்லிமீட்டர். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் 100 ஆம்பியர் டிசி ஃபியூஸ். இன்வெர்ட்டர் 2 கேவிஏ, சைன் வேவ் (வீட்டு மின்சாரம்போல் சீரான அலை தரும் வகை) மட்டும்.

கேள்வி (கானாடுகாத்தான்): புளியமரத்தடியில் நிறுத்தினால் வேன் குளுமை, ஆனால் சார்ஜ் ஏறவில்லையே?

நிழலில் பேனல் சம்பாதிக்காது. பகலில் ஆள் இல்லாத நேரம் வெட்டவெளியில் நிறுத்துங்கள். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி விட்டால் பேனலே கூரைக்கு நிழல். அடியில் காற்றோடுவதால் பேனலின் சூடும் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி ஏறக்குறைய 0.35 சதவீதம் இறங்கும். நம்ம ஊர் வீட்டில் சூடு முற்றத்து வழியாக மேலே போய்விடுகிறது. தகரக் கூரையில் அதற்கு வழியில்லை. மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், கீழே ஒரு ஜன்னலைத் திறந்து விடுங்கள். ஏசி போடுமுன் கால்மணி நேரம் அது ஓடட்டும். கூரையின் உள்பக்கம் 25 மி.மீ. ஃபோம் ஒட்டுவது இன்னொரு பேனல் வாங்குவதைவிடப் பலன் தரும். செம்மண் தூசியை வாரம் ஒருமுறை காலையிலேயே கழுவுங்கள். சுட்ட கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): சித்திரை மதியத்தில் சார்ஜ் தானாக நின்றுவிடுகிறது. பேட்டரி போச்சா?

இல்லை ஆச்சி. பல லித்தியம் பேட்டரிகளில் செல் 45 டிகிரியைத் தாண்டினால் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) சார்ஜை நிறுத்திவிடும், அது பாதுகாப்பு. பேட்டரியை இன்ஜின் பக்கமிருந்து எடுத்து, இருக்கைக்கு அடியில் காற்றோட்டமாக வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (புதுவயல்): ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ஏசியில் கேஸ் போய்விடுகிறது.

வண்டி அதிர்வில் ஃப்ளேர் நட் (குழாய் இணைப்பை இறுக்கும் நட்) தளர்ந்திருக்கும், அல்லது செம்புக் குழாய் விரிசல் விட்டிருக்கும். அவுட்டோர் யூனிட்டை ரப்பர் புஷ் மேல் ஏற்றி, குழாயில் ஒரு சுற்று வளையம் விடுங்கள். இணைப்புகளைச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது காசுக்குக் கேடு.