அம்மா சட்டையை மோந்து பார்த்தது கணக்கில் வருமா?

கேள்வி: வயது 24, கோவையில் தனியார் வேலை. காலேஜில் தொடங்கிய கஞ்சா இப்போது வாரத்துக்கு மூன்று நான்கு தடவை. வேறு பழக்கம் இல்லை. போன மாதம் விடப் பார்த்தேன். தூக்கமே இல்லை, எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன், ஆறாம் நாள் மறுபடி பிடித்துவிட்டேன். அதனால் ஒரு திங்கட்கிழமை வேலைக்கும் போகவில்லை. போதைப் பழக்கம் எவ்வளவு ஆபத்து என்று மார்க் போடும் 'அசிஸ்ட்' சோதனையை ஆன்லைனில் செய்தேன். 20 வந்தது, 'நடுத்தர ஆபத்து' என்கிறது. நம்பலாமா? அட்மிட் ஆகணுமா? நண்பனிடம் வாங்கிய ஐயாயிரமும் இதில்தான் போனது. போன வாரம் அம்மா என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "பயமா இருக்குடா" என்றார். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ?

பதில்: சோதனையை நம்பலாம். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. எட்டே கேள்விகள், பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தைப் பற்றி. கஞ்சாவுக்கு 3 வரை குறைந்த ஆபத்து, 4 முதல் 26 வரை நடுத்தரம், 27 தொட்டால் அதிகம்.

ஆனால் உங்கள் 20 எப்படி வந்திருக்கும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். வாராவாரம் பிடிப்பதற்கு 4. வாராவாரம் ஆசை உந்துகிறது என்பதற்கு 5. அந்தத் திங்கட்கிழமைக்கு 5. விட முயன்று முடியாமல் போனதற்கு 6. சரியாக 20. அப்படியென்றால் இரண்டு கேள்விகளுக்கு 'இல்லை' என்று தட்டியிருக்கிறீர்கள். ஒன்று, உங்கள் பழக்கத்தைப் பற்றி யாராவது கவலைப்பட்டார்களா என்பது. அம்மா சொன்னது வேறென்ன? அதற்கு 6. இன்னொன்று உடம்பு, குடும்பம், சட்டம், பணம் இவற்றில் ஏதாவது சிக்கல் வந்ததா என்பது. அந்த ஐயாயிரத்துக்குக் குறைந்தது 4. கூட்டினால் 30, அதாவது அதிக ஆபத்து.

பொய் சொன்னீர்கள் என்று சொல்லவில்லை. 'சம்பளம் வந்ததும் கொடுத்துடலாம், இது ஒரு சிக்கலா?' என்று நினைக்கும்போதே விரல் தாண்டிப் போய்விடும். எதிரில் ஆள் இருந்தால் "வீட்டில் யாரும் எதுவும் கேட்கலையா?" என்று ஒரு குறுக்குக் கேள்வி வரும். போன் அதைக் கேட்காது.

நடுத்தர ஆபத்துக்காரர்களுக்குச் சுருக்கமான ஆலோசனை போதும். பத்துப் பதினைந்து நிமிடப் பேச்சுதான். மார்க்கைக் காட்டி, "இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுவிட்டு, பெரும்பாலும் ஆலோசகர் கேட்டுக்கொண்டிருப்பார். இணையத்திலும் இப்படி உதவி உண்டு, தொடக்கத்துக்கு நல்லது. 30 என்றால் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பார்ப்பதே சரி.

அட்மிட்? கஞ்சா மட்டும் என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். நீங்கள் விட்டுக்கொடுத்த ஆறாம் நாள் அந்த உச்சத்துக்குள்தான் வருகிறது. அடுத்த முறை அந்த வாரத்தைத் துணையோடு கடக்கத் திட்டமிடுங்கள். காதில் குரல் கேட்பது, எல்லார் மேலும் சந்தேகம், சாகலாம் என்ற எண்ணம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடும் கூட்டம் பக்கத்தில் இருந்தால் விலகிவிடுங்கள். அது வேறு விதமான ஆபத்து.

வேலை பற்றி: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் போதைப் பிரச்சினையும் அடக்கம். சிகிச்சை விவரம் ரகசியம். மருத்துவர் உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்ல முடியாது. கவனமாக இருக்க வேண்டியது இணையதளங்களிடம். பெயரும் செல்போன் எண்ணும் கொடுத்தால்தான் மார்க் காட்டுவேன் என்கிற தளத்தை மூடிவிடுங்கள். 'சாப்பாட்டில் கலந்தால் போதை போகும்' என்று பொடி விற்கிறவர்கள் அடுத்த நாளே கூப்பிடுவார்கள்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது. நேரில் என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. போகும்போது அந்த எட்டுக் கேள்விகளையும் திருத்திய விடைகளோடு எடுத்துப் போங்கள். முதல் கால் மணி நேரம் மிச்சமாகும்.