கான்டாக்ட் லென்ஸ் கழுவும் சொல்யூஷனை மாற்றினால் கண் எரியுமா?

“தள்ளுபடியில் கிடைத்ததே என்று வேறு சொல்யூஷன் வாங்கினேன். இப்போது லென்ஸ் போட்ட ஒரு மணி நேரத்திலேயே கண் எரிகிறது. இதுதான் காரணமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். நானும் பட்டிருக்கிறேன். சாயங்காலம் மட்டும் எரிந்தால் ஏசி, கணினி, வறட்சி என்று நினைக்கலாம். போட்ட கொஞ்ச நேரத்திலேயே என்றால் சொல்யூஷன் மேல்தான் முதல் சந்தேகம். கழுவ, ஊறவைக்க, கிருமியைக் கொல்ல என்று எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலாக வருகிற சொல்யூஷனில் பாலிக்வாட், பிஎச்எம்பி மாதிரி கிருமிநாசினி ஏதாவது இருக்கும். ராத்திரி முழுக்க அது லென்ஸுக்குள் ஊறி, காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குள் இறங்கும். சிலிகான் ஹைட்ரோஜெல் என்ற மென்மையான பொருளால் ஆன சில லென்ஸுக்கும் பிஎச்எம்பிக்கும் ஒத்துப்போவதில்லை. என் டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் விட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழி மேல் பச்சைப் பச்சையாய்ப் பொடிப் புள்ளிகள். பழைய சொல்யூஷனுக்கே திரும்பினேன், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

இந்தக் கிருமிநாசினிகளே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வகை இருக்கிறது. 3 சதவீதப் பெராக்சைடு. கூடவே வரும் டப்பாவின் அடியில் பிளாட்டினம் பூசிய சின்ன வட்டு இருக்கும். ஊற்றியதும் சோடா மாதிரிப் பொங்கி, 6 மணி நேரத்தில் வெறும் உப்புநீராகிவிடும். எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் பாட்டிலிலிருந்தே லென்ஸை அலசி அப்படியே போட்டுவிட்டேன். மிளகாய்த்தூள் பட்ட மாதிரி இருந்தது! இமையைத் திறந்து லென்ஸை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாட்டில் மூடி சிவப்பாக இருப்பது சும்மா இல்லை.

சரி, எரிச்சல் போனால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. கண்ணுக்கு இதமாக இருக்கும் சொல்யூஷன் கிருமியைக் கொல்லுமா என்பது வேறு கேள்வி. 2006இல் ஃபியூசேரியம் பூஞ்சைத் தொற்று பரவியபோது பாஷ் அண்ட் லோம் நிறுவனம் தன்னுடைய ‘ரெனு வித் மாய்ஸ்சர்லாக்’ சொல்யூஷனை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. கண் காயாமல் இருக்கும் என்று விற்ற சரக்கு அது. மறுவருடம் அகந்தமீபா என்ற ஒருசெல் கிருமியின் தொற்றால் இன்னொரு சொல்யூஷனும் சந்தையை விட்டுப் போனது. அந்த நோயாளிகளை விசாரித்ததில் ஒரு பழக்கம் ஆபத்தைக் கூட்டியது தெரியவந்தது: டப்பாவில் மிச்சமிருக்கும் பழசின் மேலேயே புதுசை ஊற்றுவது. நானும் வருஷக்கணக்கில் செய்ததுதான், 50 ரூபாய்ச் சொல்யூஷனை மிச்சம் பிடிக்க.

அதனால் தினமும் பழசைக் கொட்டிவிடுங்கள். ‘தேய்க்க வேண்டாம்’ என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து அலசுங்கள். குழாய்த் தண்ணீர் லென்ஸிலும் படக்கூடாது, டப்பாவிலும் படக்கூடாது. அகந்தமீபா அதில்தான் குடியிருக்கும். டப்பாவை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அப்புறம், வலியோ, வெளிச்சத்தில் கண் கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தால் சொல்யூஷனை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்துப் போங்கள். தேவைப்பட்டால் அதிலிருந்தும் கிருமிப் பரிசோதனைக்கு எடுப்பார்கள்.