வாயசைக்காத பையன்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கம் முப்பது வருடம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். இப்போது டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரன் மூன்றாம் வகுப்பு. தினமும் காலையில் நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொல்கிறார்கள். வீட்டில் சொல்லிக் காட்டினான். ‘கடவுளின் கீழ் ஒரே நாடு’ என்று வருகிறது. அது முடிந்ததும் டெக்சாஸ் மாநிலத்துக்கென்று இன்னொன்று, அதிலும் கடவுள். நான் பெரியாரைப் படித்து வளர்ந்தவன். அரசு நடத்தும் பள்ளியில் இது முறையா? நம் ஊரில் இப்படி உண்டா? பள்ளியில் போய்க் கேள் என்றால் மகள், ‘சும்மா இருப்பா’ என்கிறாள். வந்தே மாதரம் சர்ச்சை பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சார்,

கடிதத்துக்கு உடனே பதில் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் போன மாதம் காட்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தேன். உறுதிமொழி சொல்லும்போது ஒரு ஆசிரியர் வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்த்துக்கொண்டே போனார். அன்று மத்தியானம் போட்ட சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அதே நினைப்பாக இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அமெரிக்கக் கதை. அந்த உறுதிமொழியை 1892-இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாதிரியார். பிரசங்க மேடையில் நின்றவர், ஆனாலும் கடவுளைச் சேர்க்காமல்தான் எழுதினார். சேர்த்தது அரசியல்வாதிகள். கடவுளை நம்பாத கம்யூனிஸ்டுகள் வேறு, நாங்கள் வேறு என்று காட்டிக்கொள்ள 1954-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஜூன் 14 அன்று ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டார். டெக்சாஸ்காரர்கள் தங்கள் மாநில உறுதிமொழியில் சேர்த்தது 2007-இல்தான். கலிபோர்னியாவில் ஒரு அப்பா தன் மகளுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 2004 ஜூன் 14, சரியாக ஐம்பது வருடம் கழித்துத் தீர்ப்பு: பிள்ளையின் பொறுப்பு தாயிடம் இருக்கிறது, அதனால் வழக்குப் போட உமக்கு உரிமையில்லை. கடவுள் இருக்கலாமா கூடாதா என்ற கேள்வியைத் தொடாமலே வழக்கை மூடிவிட்டார்கள்.

வந்தே மாதரத்தை விடுங்கள். முதல் இரண்டு பத்தி போதும் என்று 1937-லேயே காங்கிரஸ் முடிவு செய்துவிட்டது. அதைத் தாண்டிப் பேச என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை.

ஆனால் ‘நம் ஊரில் இப்படி உண்டா’ என்று கேட்டீர்களே, அதுதான் சார் சிரிப்பு வந்தது. முப்பது வருடம் காலையில் நீங்கள் அடிக்கச் சொன்ன மணிக்கு என்ன பெயர்? பிரேயர் பெல். லேட்டாக வந்த பையனிடம் என்ன கேட்டீர்கள்? ‘ஏன்டா பிரேயருக்கு வரல?’ வருகைப் பதிவேட்டு மொழியில் அது இறைவணக்கக் கூட்டம். பெரியாரைப் படித்த நீங்களும் அதே கூட்டத்தில்தான் கைகட்டி நின்றிருப்பீர்கள். நாட்டுப்பண்ணில் வரும் ‘பாக்ய விதாதா’ யார்? நம் தலைவிதியை எழுதுகிறவர்.

நம் உறுதிமொழியில் கடவுள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 1962-இல் விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக இருந்த பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் எழுதியது அது. கருவூலத்துக்காரர் அல்லவா, தேவையில்லாத செலவு வைக்கவில்லை. அரசியல் சாசனத்தின் முகப்பிலும் கடவுளைச் சேர்க்கப் பார்த்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் என்ற உறுப்பினர் ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டும் என்றார். 1949 அக்டோபர் 17 அன்று ஓட்டெடுத்தார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுளை ஓட்டுக்கு விட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீர்கள் என்று இன்னொரு உறுப்பினர் பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டும் காமத் விடவில்லை.

அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து. 1970-இல் அரசு அதை ஏற்றபோது ‘ஆரியம்போல்’ என்ற வரியை எடுத்துவிட்டார்கள் என்று ஐம்பது வருடமாகச் சண்டை நடக்கிறது. அதே வெட்டில் ‘எல்லையறு பரம்பொருள்’ என்ற வரியும் போயிற்று. அதற்காக ஒருவரும் அழக் காணோம். பரம்பொருள் போய்விட்டார், நெற்றித் திலகம் மட்டும் தங்கிவிட்டது. அதுவும் நல்லதுதான். அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, இந்தத் தொப்பிதான் போட வேண்டும் என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட்டு, 1806 ஜூலை 10 விடிவதற்குள் நம் வேலூர்க் கோட்டையில் என்ன நடந்தது என்று நீங்களே பாடம் நடத்தியிருப்பீர்கள்.

எங்கேயோ போய்விட்டேன். அந்த ஆசிரியர் வாய் பார்த்துக்கொண்டு நடந்தாரே, அங்கே வருகிறேன்.

1976, எமர்ஜென்சி. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் நான் எட்டாவது. வெண்கலத் தொண்டை என்பதால் உறுதிமொழி சொல்லிக் கொடுப்பது நான். சுண்ணாம்புக் கோட்டில் எல்லோரும் நிற்க, நான் மட்டும் எதிரே திண்டின்மேல். அங்கிருந்து பார்த்தால் எல்லா வாயும் தெரியும். ஒரு வாய் அசையாது. சாமிப் பாட்டுக்கும் அசையாது, உறுதிமொழிக்கும் அசையாது. கையைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, எங்கள் எல்லோரையும்விட ஒழுங்காக நிற்பான். அவன் வீட்டார் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபை, தங்கள் கடவுளைத் தவிர வேறெதற்கும் வணக்கம் சொல்ல மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

ஒருநாள் டிரில் மாஸ்டர் கேட்டார்: “டேய் லீடர், எவன்டா வாயசைக்கல?”

நான் கையை நீட்டினேன். யோசிக்கக்கூட இல்லை சார். லீடர் என்று கூப்பிட்டாரே, அது போதுமாக இருந்தது.

கொடிக்கம்பத்தடியில் ஜல்லிமேல் முட்டி போடவைத்தார்கள். வேலூர் மாவட்ட வெயில், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் இரண்டு தடவை பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உதட்டை அப்படி இறுக்கி வைத்திருந்தான். நடுவில் வெடித்து ஒரு பொட்டு ரத்தம். என்னைப் பார்த்தான். திட்டவில்லை. மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் அவன் அப்பா வந்தார். தோல் பதனிடும் வேலை, ஆவாரம்பட்டைச் சாயம் ஏறி விரலெல்லாம் பழுப்பு. டி.சி.யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “நன்றிங்கய்யா” என்றார். எதற்கு நன்றி?

பத்து வருடம் கழித்து, 1986 ஆகஸ்டில், காட்பாடி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பேப்பரில் பார்த்தேன். கேரளத்தில் இதே சபைப் பிள்ளைகள் மூன்று பேர். நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். ஒரு எம்.எல்.ஏ. பார்த்துவிட்டுச் சட்டசபையில் கிளப்பினார். விசாரணையில், நல்ல பிள்ளைகள், அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்றே அறிக்கை வந்தது. அப்படியும் வெளியே அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையாக எழுந்து நின்றால் போதும், பிள்ளைகளைத் திரும்பச் சேருங்கள் என்றார். அமெரிக்காவிலும் இதே சபைப் பிள்ளைகளுக்காகத்தான் 1943-இல், உறுதிமொழி சொல்லச் சொல்லி எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதுவும் ஒரு ஜூன் 14. அந்த உறுதிமொழியில் அப்போது கடவுள் வந்திருக்கவே இல்லை, கவனித்தீர்களா? கடவுள் இல்லாத வாசகத்துக்கே பிள்ளைகளைத் துரத்தினார்கள். ஆகவே அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னிடம் சொல்லாதீர்கள். வாய் பார்க்கிற ஆள் வரிசைக்கு நடுவே நடந்துகொண்டிருக்கும்வரை, உள்ளே என்ன வாசகம் இருந்தால் என்ன?

ரயில் வந்தது, நான் ஏறவில்லை. அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம். அவன் வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: டெக்சாஸ் சட்டப்படி, பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளை உறுதிமொழி சொல்ல வேண்டியதில்லை. தாத்தா எழுதிக் கொடுத்தால் செல்லாது. அதனால் மகளிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். பேரனிடம் கேளுங்கள், அவனுக்குச் சொல்லப் பிடித்திருந்தால் சொல்லட்டும். உறுதிமொழி முடிந்ததும் அங்கே ஒரு நிமிடம் மௌனமாக இருக்கவும் விடுகிறார்கள். அதில் என்ன நினைத்துக்கொள்கிறான் என்று கேட்டீர்களா?

ஊர் திரும்பியதும் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் முப்பது வருடத்தில் அப்படி வாயசைக்காமல் நின்ற பிள்ளை யாராவது உண்டா, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பெயர் போட மாட்டேன்.