கேட்டால் சொல்வோம்: புயலைத் துரத்தலாமா?

கேள்வி: ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். அமெரிக்காவில் காரில் புயலைத் துரத்திப் போகிறவர்களின் வீடியோக்களைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். அது உண்மையிலேயே ஒரு தொழிலா? இங்கே செய்யலாமா? "மழை வந்தால் கொடியில் கிடக்கிற துணியை எடுக்கத் தெரியாது, இவன் புயலைத் துரத்தப் போகிறானாம்" என்று அம்மா ஏசுகிறார்.
– வாசகர், ஹட்டன்

பதில்: அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது தம்பி. அங்கேயும் இதை மட்டும் நம்பிச் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். 1956 இல் டேவிட் ஹோட்லி இதை ஆரம்பித்ததே ஆசைக்காகத்தான். இன்றும் பலர் மே, ஜூன் மாதங்களில் லீவு போட்டு, சொந்தக் காசில் பெற்றோல் அடித்து, நாளெல்லாம் ஓடிவிட்டு வெறும் நீல வானத்தைப் பார்த்துத் திரும்புகிறார்கள், அதை யாரும் வீடியோவில் போடுவதில்லை. டிவிக்குப் படம் விற்பது, சுற்றுலாக்காரரைக் கூட்டிப்போவது, இவைதான் வருமானம்.

டிம் சமராஸ் வேறு ரகம். 2003 இல் தெற்கு டகோட்டாவில் டொர்னாடோ என்ற சுழல்காற்று வரும் வழியில் கருவியை வைத்து, காற்றழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததை அளந்தவர். அத்தனை அனுபவம் இருந்தும் 2013 மே 31 அன்று, ஒக்லஹோமாவின் எல் ரெனோவில், 4 கிலோமீட்டருக்கு மேல் அகன்று சட்டென்று திசை மாறிய சுழலில் மகன் போல், நண்பர் கார்ல் யங் இருவரோடும் இறந்துபோனார்.

அதுவும் எப்படிப்பட்ட இடம்! தட்டை நிலம், கட்டம் போட்ட மாதிரி ரோடு, தூரத்து மேகத்தின் அடிவயிறு வரை தெரியும். ஹட்டன் ரோட்டில் பனி இறங்கினால் அடுத்த வளைவே தெரியாது. நம் மலையில் காற்றை விட மண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும், 2014 ஒக்டோபர் 29 காலை பதுளைப் பக்கம் மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்ட லயங்களையே மூடிவிட்டதே.

சரி, ஆசையை விட வேண்டாம், மழையை அளந்து பாருங்கள். நேரான போத்தலின் கழுத்தை வெட்டிப் புனல் போலக் கவிழ்த்து, அடியில் கல் போட்டு, ஒரு கோடு வரைக்கும் தண்ணீர் விட்டு, அங்கிருந்து அடிமட்டத்தை ஒட்டுங்கள். தினமும் காலை எட்டரைக்குக் கொப்பியில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் தயாராக இருக்க வேண்டும், 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால், சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் இவை.

அப்புறம், போத்தலைக் கூரை ஓரத்தில் வைத்துவிடாதீர்கள், தகரத்தில் வடிகிற தண்ணீரையும் சேர்த்து அளந்துவிட்டு நடுராத்திரியில் லயத்தையே எழுப்பி விடுவீர்கள்.